ரோமானிய வெள்ளிக் காசும் நம் ஊர்ப் பானையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீங்க டை மேக்கிங் பத்திப் பேசுங்க சார், பசங்களுக்கு வேலைக்கு உதவும்" என்றார். "நான் காசைப் பத்திப் பேசறேனே" என்றேன். ஏதோ நன்கொடை அறிவிக்கப் போகிறேன் என்று நினைத்து மனிதர் மிகவும் மகிழ்ந்துவிட்டார். நான் சொன்னது இரண்டாயிரம் வருஷத்துப் பழைய காசு என்று பிறகு தெரிந்துகொண்டார். ஆனாலும் மேடையை மறுக்கவில்லை. அவருக்கு என் நன்றி.

நான் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். முடித்தவுடன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் சேர்ந்தேன். அரம் பிடித்து ராவுவதிலிருந்து ஆரம்பித்து, பிறகு சொந்தமாக ஒரு சின்ன ஷெட் போட்டு, வாழ்நாள் பூராவும் பிரஸ் டூல் செய்து பிழைத்தவன். சரித்திரப் பேராசிரியர்கள் முன்னால் சரித்திரம் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு உலோகத் துண்டின் மேல் உருவம் எப்படி விழுகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

கதை 1978இல் தொடங்குகிறது. நான் மூன்றாம் ஆண்டு. சென்ட்ரலில் இறங்கி நடந்துபோகும்போது நடைபாதையில் ஒருவர் பழைய சாமான் பரப்பி வைத்திருந்தார். பித்தளைப் பூட்டு, கடிகாரச் சங்கிலி, உடைந்த மூக்குக் கண்ணாடி, இவற்றுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் காசு. ஒரு பக்கம் தலையில் இலை சூடிய ஓர் ஆண் முகம். மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். "ரோம் ராஜா காசு தம்பி, சுத்த வெள்ளி" என்றார். ஐம்பது கேட்டார், முப்பத்தைந்துக்கு முடிந்தது. அது பரீட்சைக் கட்டணத்துக்கு அப்பா கொடுத்த பணம் என்பதை இந்த மேடையில்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அம்மா குத்துவிளக்குத் தேய்ப்பது போல. பளபளவென்று ஆனது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் காசைக் கையில் வாங்கினார், விளிம்பைப் பார்த்தார், லென்ஸ் வைத்து முகத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தம்பி, இது அடிச்ச காசு இல்ல, வார்த்த காசு. போலி" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "போலியாப் போனதுல ஒரு நன்மை. நிஜக் காசா இருந்து நீங்க இப்படித் தேய்ச்சிருந்தா எனக்கு அழுகை வந்திருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். பிறகு என்னைக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்குள் இருந்த அசல் காசுகளைக் காட்டினார். அன்று அவர் செலவழித்த ஒரு மணி நேரம் முப்பத்தைந்து ரூபாய்க்கு மேலேயே பெறும்.

அடிச்ச காசு, வார்த்த காசு என்று அவர் சொன்ன வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. பிரஸ் ஷாப்பில் வேலைக்குப் போன பிறகு முழுக்கப் புரிந்தது. மெழுகிலோ மண்ணிலோ அச்செடுத்து உருக்கி ஊற்றினால், எழுத்தின் ஓரமெல்லாம் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி மழுங்கி இருக்கும். காற்றுக் குமிழி நின்ற இடம் ஊசிக்குழியாகத் தெரியும். விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு இருக்கும், அதை ராவி மறைத்திருப்பார்கள். அடித்த காசு அப்படி இல்லை. உலோகம் அடி வாங்கி நகர்ந்து டையின் குழிக்குள் ஏறியிருக்கும். எழுத்து வெட்டியது போல் நிற்கும். அடியின் வேகத்தில் சில சமயம் விளிம்பு வெடித்திருக்கும்.

ரோமானியர்கள் காசு அடித்தது கையால்தான். பட்டறைக்கல்லில் ஒரு டை பதிந்திருக்கும், பெரும்பாலும் அது தலை உள்ள பக்கம். அதன்மேல் எடை பார்த்த வெள்ளி வில்லையை வைப்பார்கள். மேலே இன்னொரு டையைப் பிடித்துக்கொண்டு சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி. அவ்வளவுதான். சம்மட்டியின் அடியை நேராக வாங்குவது மேல் டை என்பதால் அதுதான் சீக்கிரம் போகும். நம் பிரஸ் ஷாப்பில் பஞ்ச் உடைகிற கதைதான். டையில் விரிசல் விட்டால் அந்த விரிசலும் காசில் மேடாக விழும். அதை வைத்தே ஒரே டையில் பிறந்த இரண்டு காசுகளை இன்றைக்கும் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் என்னை அசரவைத்தது செதுக்கியவன் கைதான். டையில் எல்லாமே தலைகீழ்க் கணக்கு. காசில் எது மேடோ அது டையில் பள்ளம். காசில் வலப்பக்கம் பார்க்கும் முகத்தை டையில் இடப்பக்கம் பார்க்க வெட்ட வேண்டும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் எழுத வேண்டும். இதை ஒரு விரல் நகம் அகலத்தில், சி.என்.சி.யும் ஸ்பார்க் எரோஷனும் இல்லாமல் செய்திருக்கிறார்கள். அவன் பெயர் எந்தக் காசிலும் இல்லை.

இனி அந்தக் காசுக்கு வருவோம். இதற்குப் பெயர் தினாரியஸ். அகலம், இப்போது செல்லாமல் போய்விட்ட நம் பழைய 25 பைசாக் காசு அளவு. எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் கிடைத்திருக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டே இரண்டு மாதிரிகள்தான். ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது, இன்னொன்று அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் வெளியிட்டது. இரண்டும் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்து அக்கசாலையில் அடித்தவை.

அகஸ்டஸ் காசின் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். நடுவில் இரண்டு கேடயங்கள், இரண்டு ஈட்டிகள். மேலே ஒரு பூசைக் கரண்டியும் நுனி வளைந்த ஒரு கோலும். யார் இந்தப் பையன்கள்? கையஸ், லூசியஸ் என்று அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். ஆண் வாரிசு இல்லாத சக்கரவர்த்தி, கி.மு. 17இல் இருவரையும் தத்து எடுத்துக்கொண்டார். கரண்டியும் கோலும் அவர்கள் வகித்த சமயப் பதவிகளின் அடையாளம். சுற்றியுள்ள எழுத்து, இவர்கள் அகஸ்டஸின் புதல்வர்கள், பதவிக்குக் குறிக்கப்பட்டவர்கள், இளைஞர்களின் தலைவர்கள் என்று அறிவிக்கிறது. பேப்பரும் டி.வி.யும் இல்லாத காலத்தில் "எனக்கு அடுத்து இவர்கள்தான்" என்று சக்கரவர்த்தி ஊர் ஊராக ஒட்டிய போஸ்டர் இது. கி.மு. 2 வாக்கில் அடிக்கத் தொடங்கினார்கள்.

போஸ்டர் ஒட்டி என்ன பயன்? கி.பி. 2இல் லூசியஸ் மார்செய் நகரில் இறந்துபோனான். வயது 18. இரண்டு வருஷம் கழித்து, கிழக்கே போருக்குப் போயிருந்த கையஸ் காயம் பட்டு, இன்றைய துருக்கி நாட்டு ஊர் ஒன்றில் இறந்தான். வயது 23. இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வயதுதான் ஐயா அது!

வேறு வழியில்லாமல் கிழவர் தன் மனைவி லிவியாவின் முதல் கலியாணத்துப் பிள்ளையைத் தத்தெடுத்தார். அவர்தான் டைபீரியஸ். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டார். அவருடைய காசின் பின்பக்கத்தில்தான் அந்த நாற்காலிப் பெண். ஒரு கையில் நீண்ட கோல், இன்னொரு கையில் இலைக்கொத்து. சமாதான தேவதை என்கிறார்கள். டைபீரியஸின் தாய் லிவியாவைத்தான் தேவதையாக வைத்திருக்கிறார்கள் என்று பலர் கருதுகிறார்கள். பைபிள் படித்தவர்களுக்கு இந்தக் காசோடு வேறு வகையில் பழக்கம் இருக்கும். சக்கரவர்த்திக்கு வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசுநாதர் ஒரு காசைக் காட்டச் சொல்லி, இதில் இருப்பது யார் உருவம் என்று கேட்டாரே, அந்தக் காசு இதுதான் என்பது நெடுநாளைய மரபு. நான் நடைபாதையில் வாங்கியதும் இதன் போலிதான்.

ஆக, தாத்தா, பாட்டி, வாழாமல் போன இரண்டு பேரன்கள், வாரிசாக வந்த மாற்றான் பிள்ளை. ஒரு குடும்பமே இந்த இரண்டு காசுகளில் இருக்கிறது. இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். இந்தக் குடும்பம் மொத்தமும் நம் கோயம்புத்தூர்ச் சீமையில் பானை பானையாகப் புதைந்து கிடந்தது.

பொள்ளாச்சியில் 1800இலேயே ஒரு பானை கிடைத்தது. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக் காசுகள். அதே ஊரில் 1891இலும் 1931இலும் மறுபடி கிடைத்தன. கரூரில் 1878இல். உடுமலைப்பேட்டை அருகே பூதிநத்தத்தில் 1946இல் சுமார் 1,400. பானையைத் திறந்தால் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ், அகஸ்டஸ், டைபீரியஸ்.

ஏன் அந்தப் பக்கம்? வரைபடத்தைப் பாருங்கள். அலெக்சாண்டிரியாவில் புறப்படும் சரக்கு நைல் நதியில் ஏறி, பாலைவனத்தைக் கடந்து, செங்கடல் துறைமுகத்தில் கப்பல் ஏறும். பருவக்காற்றைப் பிடித்து சேர நாட்டு முசிறியில் இறங்கும். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரையோரம் கரூருக்கு வழி. அந்தப் பாதையில்தான் கொடுமணல் இருக்கிறது. பச்சைக் கல் வெட்டி மணி கோத்த ஊர். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போன செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்தப் பக்கத்து ஆள் பிளினி வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நம் நாட்டுக்குப் போய்விடுகிறதே என்று வயிற்றெரிச்சல் பட்டு எழுதியிருக்கிறார். ஒரு தினாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ் கணக்கு. அவர் தொகையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். இறக்குமதியைத் திட்டுகிறவர்கள் எப்போதும் ரவுண்டாகத்தான் சொல்வார்கள்!

சரி, வெள்ளலூரில் அந்தக் காசைக் கையில் வாங்கியவர் அதில் என்ன பார்த்திருப்பார்? கையஸ் யார், லூசியஸ் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டு பையன்களும் இறந்துபோன சேதியும் வந்திருக்காது. இதற்கு ஒரு பதில் பிளினியிடமே இருக்கிறது. கிளாடியஸ் காலத்தில் செங்கடல் பக்கம் வரி வசூலிக்கும் ஒருவரின் ஆள் காற்றில் அடித்துக்கொண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தானாம். அரசர் அவனை விருந்தாளியாக வைத்துக்கொண்டார். அவனிடமிருந்து எடுத்த தினாரியஸ்களைப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு முகம், அடித்தவர்கள் வெவ்வேறு ஆட்கள், ஆனால் எடை மட்டும் ஒன்று போலவே இருந்தது. இந்த நேர்மை அரசருக்குப் பிடித்துப்போய், ரோமுக்குத் தூது அனுப்பினார் என்கிறது கதை.

கதை எவ்வளவு நிஜமோ, ஆனால் தொழில்காரன் காதுக்கு அது சரியாகவே விழுகிறது. முகம் மாறினாலும் எடை மாறவில்லை. ரோமில் அந்த முகம் அரசியல். இங்கே அந்த முகம் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. "இலை சூடின தலை, பின்னாடி ரெண்டு ஆள் நிக்குதா, சரி, நல்ல வெள்ளி, வாங்கு." இதே காரணத்தால்தான் நீரோ கி.பி. 64இல் காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்த பிறகு அடித்த வெள்ளிக் காசுகள் நம் புதையல்களில் மிக அரிதாக இருக்கின்றன. சக்கரவர்த்தி ஏமாற்றினால் கொங்கு வியாபாரி வாங்கிவிடுவாரா!

தங்கத்தில் கதை கொஞ்சம் வேறு. புதுக்கோட்டைச் சீமை கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்த வெட்டு என்று ஒரு கட்சி, இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்டிய வெட்டு என்று இன்னொரு கட்சி. சோதிக்கிறவன் விளிம்பில்தான் கீறுவான், குறி பார்த்து முகத்தில் வெட்டமாட்டான். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு.

நம் சிற்பிகள் சும்மா இருந்தார்களா? இல்லை. இந்த இரண்டு வெள்ளிக் காசுகளுக்கும் இந்தியாவிலேயே அடித்த நகல்கள் கிடைத்திருக்கின்றன. முகம் ஓரளவு வந்துவிடும், எழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். லத்தீன் எழுத்து தெரியாதவர் அதைப் படமாகப் பார்த்து வெட்டினால் குச்சியும் புள்ளியுமாகத்தானே வரும்? நானும் ஆரம்ப காலத்தில் ஜப்பான் கம்பெனி டையைப் பார்த்து நகல் எடுத்தபோது, அதில் இருந்த ஜப்பானிய எழுத்தையும் அளவெடுத்து வெட்டிவிட்டேன். பிறகுதான் அது "இந்தப் பக்கம் மேலே" என்ற குறிப்பு என்று தெரிந்தது. ஆகவே அந்தப் பழைய ஆளை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் நகலோடு நிற்கவில்லை. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ஒரு சிறிய வெள்ளிக் காசை, நாணய ஆய்வாளரும் தினமலர் ஆசிரியருமாக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் படித்து வெளியிட்டார்கள். அதில் ஒரு தலை. ரோமானியக் காசில் உள்ள மாதிரியே பக்கவாட்டில் பார்க்கும் மனிதத் தலை. ஆனால் எழுத்து தமிழ் பிராமி. படித்தால் "மாக்கோதை". சேர மன்னன்! "குட்டுவன் கோதை" என்று பெயர் பொறித்த தலைக்காசும் கிடைத்திருக்கிறது. அதுவரை நம் மன்னர்கள் காசில் வில்லும் மீனும் புலியும் யானையும்தான் போட்டார்கள். ரோமானியக் காசின் தலையை யாரோ ஒருவர் அரசவையில் உற்றுப் பார்த்திருக்கிறார். "இதுல இருக்கிறவன் ராஜான்னா, நம்ம ராஜா தலையையும் போடலாமே" என்று தோன்றியிருக்கிறது. வெறும் எடைக் குறியாக வந்த முகம் கடைசியில் முகமாகவே படிக்கப்பட்டுவிட்டது. அந்த டையை வெட்டியவர் எழுத்தில் தப்பு செய்யவில்லை, ஏனென்றால் அது அவர் எழுத்து. எழும்பூரில் ரோமானியக் காசுகளைப் பார்த்துவிட்டு இந்தக் காசின் படத்தையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"இதெல்லாம் கோயம்புத்தூர், கரூர்க் கதை, ஆவடி பூந்தமல்லிக்கு என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது தெரிகிறது. நமக்குக் கிட்டத்தில் கிடைத்தது மாம்பலத்தில். இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் கூட்டம் மோதுகிறதே, அந்த மாம்பலம்தான். அன்று அது செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. அங்கே ஒரு பானையில் நூற்றுக்கணக்கான முத்திரைக் காசுகள், அதாவது சூரியன், மரம், காளை என்று சின்னச் சின்ன முத்திரை குத்திய நம் நாட்டு வெள்ளிக் காசுகள். அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு தேய்ந்த அகஸ்டஸ் காசு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த அகஸ்டஸ் காசு மட்டும் தனியாக என் கையில் வந்திருந்தால் அது வாய் திறந்து எதுவும் சொல்லாது. எந்த வெள்ளைக்காரத் துரை வாங்கி வந்து தொலைத்ததோ என்றுகூடச் சொல்லிவிடலாம். பானையோடு சேர்ந்து கிடைத்ததால், முத்திரைக் காசும் ரோமானியக் காசும் ஒரே கையில் ஒரே காலத்தில் புழங்கின என்று தெரிகிறது. முத்திரைக் காசின் எடை சுமார் மூன்றரை கிராம். தேய்ந்த தினாரியஸும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். பானைக்குச் சொந்தக்காரர் எண்ணிப் போட்டபோது இதையும் ஒன்றாக எண்ணிப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். பானையில் எது அதிகம், எது தேய்ந்தது, எது புதுசு, கடைசி அரசன் யார், எல்லாம் சேர்ந்துதான் செய்தி. ஒவ்வொரு காசாகப் பிரித்து விற்றுவிட்டால் மிஞ்சுவது வெள்ளி விலைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை.

1994. பூந்தமல்லி அருகே நான் வாங்கியிருந்த இடத்தில் ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு டெலிவரி. லாரி வாசலில் நிற்கிறது, டிரையல் பார்த்த டையில் பர் வருகிறது, பார்ட்டி போன் மேல் போன். மேஸ்திரி வந்து, "சார், ஒரு சின்ன சட்டி வந்திருக்கு, உள்ளே பச்சை பிடிச்ச காசு மாதிரி ஏதோ" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓரமா வைங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நினைவு வந்து போய்ப் பார்த்தால், ஓடு மட்டும் உடைந்து கிடந்தது. செம்பு என்று யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். எந்தக் கடை என்று விசாரித்துப் போனேன். அதற்குள் மற்ற செம்போடு கலந்து மூட்டை ஏற்றிவிட்டார்கள். எவ்வளவு எடை என்று கேட்டேன். அரைக் கிலோ இருக்கும் என்றார் கடைக்காரர்.

பச்சை பிடித்தது என்றால் செம்புக் காசு. பல்லவரா, சோழரா, ஆற்காட்டு நவாபா, கம்பெனிக் காசா? தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. குற்றம் மேஸ்திரி மேலும் இல்லை, கடைக்காரர் மேலும் இல்லை. எழும்பூரில் ஒரு பெரியவரிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்ட ஒரே ஆள் அந்த இடத்தில் நான்தான். அந்த டெலிவரி அன்று ராத்திரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தக் கம்பெனிக்கு, என்ன பார்ட் என்பது இப்போது எனக்கு நினைவில்லை. சட்டி மட்டும் நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பூர், கன்னிமாரா நூலகம் என்று சுற்றினேன். சட்டத்தையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வீடு கட்டப் போகிற தம்பிகள் கேட்டுக்கொள்ளுங்கள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, இன்றைக்கு எல்லாமே அதில் அடங்கிவிடும். அரசு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தர வேண்டும் என்கிறது சட்டம். சொன்னால் மனையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. சட்டிக்குத்தான் இந்தச் சட்டம். மனையைப் பற்றி அதில் பேச்சில்லை. தாசில்தார் அலுவலகத்தில் சொன்னாலும் மேலே போய்விடும். முக்கியமாக, சட்டியைக் கவிழ்க்காதீர்கள், தேய்க்காதீர்கள். புளிக்கு வேறு வேலை இருக்கிறது.

நம் பகுதியில் இன்றைக்குத் தோண்டாத இடம் எங்கே? திருவள்ளூர் பக்கம் பட்டறைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை 2015-16இல் அகழாய்வு செய்து, சங்க காலத்துக்கும் அதற்கு முன்னாலும் அங்கே மக்கள் வாழ்ந்த தடயங்களை எடுத்தார்கள். நம் கல்லூரியிலிருந்து ஒரு பஸ் தூரம். பூந்தமல்லி வரை மெட்ரோ தூணுக்குக் குழி போட்டார்கள். ஏரிக்கரையெல்லாம் மனைப்பிரிவு. ஜே.சி.பி. ஓட்டுகிற தம்பிக்குக் கீழே என்ன உடைகிறது என்று தெரியாது. நம் கல்லூரி மாணவர் ஒருவர் அந்தப் பக்கமாகப் போகும்போது நின்று பார்த்தால் தெரியலாம். வரலாற்றுத் துறை பேராசிரியர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை மாணவர்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போக ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். செயலாளர் அவர்களே, போனில் நீங்கள் எதிர்பார்த்த காசு இதுதான், சந்தோஷம்தானே?

கடைசியாக ஒன்று. 1978இல் வாங்கிய அந்தப் போலிக் காசைக் கொண்டுவந்திருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் என் மேசை டிராயரில், வெர்னியருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இப்போது முன்வரிசையில் கொடுக்கிறேன், கை மாற்றிப் பின்வரிசை வரை பாருங்கள். விளிம்பில் ராவிய கோடு தெரியும். கன்னத்துக்குக் கீழே ஊசிக்குழி இருக்கும். அந்த அம்மாவின் நாற்காலிக் கால் மழுங்கியிருக்கும். பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் திருப்பித் தந்துவிடுங்கள். முப்பத்தைந்து ரூபாய், அப்பாவுக்கு இன்னும் கணக்குச் சொல்லாத பணம்.